சேலத்தில் வாடகை வீடா, சொந்த வீடா, போக்கியமா?

கேள்வி: அழகாபுரத்தில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். முதல் மாடி, இரண்டு படுக்கையறை, வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. சேமிப்பு 9 லட்சம், நகை 25 பவுன்.

கொண்டலாம்பட்டி தாண்டி பூலாவரி போகும் வழியில் 1,200 சதுர அடி மனையில் ஒரு தனி வீடு 42 லட்சத்துக்கு வந்திருக்கிறது. கட்டி எட்டு வருடம் ஆகிறதாம். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார் புரோக்கர். 74 வயதான என் மாமியார், “என் உயிர் சொந்த வீட்டு வாசலில்தான் போகணும்” என்று தினமும் சொல்கிறார். தம்பியோ, “வாடகையிலேயே இரு அக்கா, மிச்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடு” என்கிறான். இதற்கு நடுவில் கணவரின் நண்பர், 8 லட்சத்துக்கு இரண்டு வருடப் போக்கியத்தில் (வாடகை கிடையாது, முடிவில் பணம் திரும்ப வரும்) ஒரு வீடு இருப்பதாகச் சொல்கிறார். கணவரைத் திருப்பூர் கிளைக்கு மாற்றும் பேச்சும் அடிபடுகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டை இந்த விலைக்கு இந்த ஆவணியில் வாங்க வேண்டாம். போக்கியம் வேண்டவே வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று வருடம் வாடகையிலேயே இருங்கள். சொந்த வீடே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் குடும்பத்துக்கு அது தேவை. ஆனால் வாங்கிய மறுநாள் கையில் ஒன்றும் மிஞ்சாத மாதிரி வாங்கக் கூடாது.

42 லட்சம் என்பது விற்பவர் சொல்லும் விலை. நீங்கள் புரட்ட வேண்டிய தொகை வேறு. பத்திரத்தில் முழு விலையையும் காட்டினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அதுவே 3,78,000 ரூபாய். 2023-க்கு முன் 11 சதவீதமாக இருந்ததைக் குறைத்தார்கள், ஆனால் அந்தக் கையோடு, பதிவுக்காக நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சலுகை 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்குத்தான், இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரையிலான கடன்களுக்கு, வங்கி அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் கொடுக்கலாம். பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். உங்களுக்கு 33,60,000 கடன் கிடைக்கும் என்று வையுங்கள். மீதி 8,40,000 உங்கள் கைப்பணம். பத்திரச் செலவையும் சேர்த்தால் 12,18,000 ஆகிவிடுகிறது. வக்கீல் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், புரோக்கர் கமிஷன், பெயின்ட், பால் காய்ச்சுவது என்று எல்லாம் சேர்ந்தால் 13 லட்சத்தைத் தாண்டும். உங்களிடம் இருப்பது 9. மிச்ச 4 லட்சத்துக்கு நகைதான் அடகுக் கடைக்குப் போகும்.

அப்புறம் தவணை. 33,60,000 ரூபாய்க்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் மாதம் சுமார் 29,150. நகைக்கடனுக்கு 9 சதவீத வட்டி என்றாலும் மாதம் 3,000. 62,000-இல் இந்த 32,000 போனால், ஐந்து பேர் சாப்பிட்டு, இரண்டு பிள்ளைகள் படித்து, மாமியாருக்கு மருந்து வாங்கி, வண்டிக்குப் பெட்ரோல் போட 30,000 இருக்கும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வருடத்தை நினைத்துப் பாருங்கள். கல்லூரியில் முதல் வருடக் கட்டணம் கட்ட வேண்டிய அந்த மாதத்திலும் தவணை வந்து நிற்கும்.

வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்திலும் சரி, இப்போது ஆலோசனை சொல்லும்போதும் சரி, பலரை அதிரவைக்கும் கணக்கு ஒன்று உண்டு. இந்தக் கடனை ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் நீங்கள் கட்டியிருக்கும் தொகை ஏறத்தாழ 17.5 லட்சம். அசலில் குறைந்திருப்பது சுமார் 4 லட்சம் மட்டுமே. இன்னும் 29.6 லட்சம் பாக்கி நிற்கும். ஆரம்ப வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. இரண்டாவது வருடத்திலோ மூன்றாவது வருடத்திலோ கணவருக்குத் திருப்பூர் மாற்றல் வந்து வீட்டை விற்க வேண்டி வந்தால், விலை ஏறியிருந்தாலும் பத்திரச் செலவையும் கட்டிய வட்டியையும் கழித்துப் பார்க்கையில் உங்களுக்கு ஒன்றும் தேறாது. விற்காமல் வாடகைக்கு விட்டாலோ, அந்தப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு 11,000 வாடகை வந்தால் பெரிது. வருடத்துக்கு 1,32,000. போட்ட 42 லட்சத்துக்கு அது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும், நீங்கள் வங்கிக்குக் கட்டுவதோ எட்டரை. அதனால் மாற்றல் விஷயம் ஒரு பக்கம் தெளிவாகும் வரை எங்கேயும் வீடு வாங்காதீர்கள். எனக்கு இதுதான் முதல் காரணம்.

வரிச் சலுகை இருக்கிறதே என்று புரோக்கர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய முறையில் வரியே வராதபோது அந்தச் சலுகையால் என்ன பயன்?

சரி, தம்பி சொல்வது? கணக்கில் தப்பில்லை. ஆனால் பாதிதான் சொல்கிறார். வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், இன்றைய 12,000 இருபது வருடத்தில் ஏறத்தாழ 32,000 ஆகும். இருபது வருடத்தில் நீங்கள் கட்டும் மொத்த வாடகை 47 லட்சத்தைத் தாண்டும். தவணையாகக் கட்டினால் 70 லட்சம், ஆனால் அதன் முடிவில் ஒரு வீடு இருக்கும். மனையும் கட்டடமும் சேர்ந்த விலை அதே 5 சதவீத வேகத்தில் ஏறினால் அந்தச் சொத்தின் மதிப்பு ஒரு கோடியைத் தாண்டியிருக்கும். கட்டடம் பழசாகும், நிலம் ஏறும். தனி வீட்டுக்கு உள்ள பலம் இது. அடுக்ககத்தில் உங்கள் பங்குக்கு வரும் நிலம் கொஞ்சம்தான். அதனால் நீண்ட காலம் ஒரே ஊரில் இருப்பவர்களுக்குச் சொந்த வீடு நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகையில் இருப்பவர் ஜெயிக்க வேண்டுமானால், தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதா மாதம் தவறாமல் ஒதுக்க வேண்டும். நான் பார்த்த குடும்பங்களில் அப்படி ஒதுக்குகிறவர்கள் குறைவு. வங்கித் தவணை கட்டாயப்படுத்துவதால்தான் பலர் சேமிக்கவே செய்கிறார்கள்.

அந்தக் கட்டாயத்தை நீங்களே இந்த மாதத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். வாடகை 12,000. இன்னொரு 17,000-ஐ சம்பளம் வந்த அன்றைக்கே தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டுவிடுங்கள். 29,000 தவணை கட்டுகிற மாதிரியே வாழ்ந்து பாருங்கள். ஆறு மாதத்தில் மூச்சு முட்டினால் கடன் வாங்காமலேயே அது தெரிந்துவிடும். முடிந்தால், 7 சதவீத வட்டியில் மூன்று வருடத்தில் இது மட்டும் 6.7 லட்சத்துக்கு மேல் வரும். இருக்கும் 9 லட்சத்தையும் வைப்பில் போட்டால் மொத்தம் 17 லட்சத்தைத் தாண்டும். சீட்டில் போடுவதானால் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் மட்டும் போடுங்கள். மூன்று வருடத்துக்குள் எடுக்க வேண்டிய பணத்தை மியூச்சுவல் ஃபண்டின் பங்குத் திட்டத்தில் போட வேண்டாம் என்று தம்பியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். நீங்கள் வீடு பார்க்கும் நேரத்தில் சந்தை இறங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்?

இதற்குள் வீட்டு விலையும் ஏறிவிடுமே என்று கேட்பீர்கள். ஏறலாம். அதனால்தான் 42 லட்ச வீட்டை விட்டுவிட்டு 35 லட்சத்துக்குள் தேடச் சொல்கிறேன். கொஞ்சம் சின்ன மனையாக இருந்தாலும் பரவாயில்லை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. அதில் வருட வருமானம் 9 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வட்டி மானியம் இருக்கிறது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு (நிரந்தரமாகக் கட்டிய வீடு) இருக்கக் கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து தவணையாகக் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். 7,44,000 வருமானம் உள்ள நீங்கள் இதற்குள் வருகிறீர்கள். 42 லட்ச வீடு வராது. நீங்கள் வாங்கும் நேரத்தில் திட்டம் நடப்பில் இருக்கிறதா, அந்த இடம் நகர்ப்புற எல்லைக்குள் வருகிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். 25 லட்சம் கடன் என்றால் 20 வருடத் தவணை 21,700-க்குள் முடிந்துவிடும். பத்திரச் செலவு போக மூன்று நான்கு லட்சம் கையில் மிஞ்சும், நகை பீரோவிலேயே இருக்கும். மாறும் வட்டியில் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போதெல்லாம் அசலில் போட்டுக் குறைக்கலாம்.

இப்போது உங்கள் மாமியார் விஷயம். பணக் கணக்கு போடுகிறவர்கள் பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். நான் தள்ள மாட்டேன். வாடகை வீட்டில் பெரியவர்கள் காலமானால் உடலை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் அப்படி நடந்ததை அவர் பார்த்திருப்பார், அல்லது கேள்விப்பட்டிருப்பார். தினமும் அவர் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் அந்தப் பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு 33 லட்சம் கடன்தான் ஒரே மருந்து என்று இல்லை. உங்கள் கணவர் வீட்டுக்காரரை நேரில் பார்த்து, அம்மா நன்றாக இருக்கும் இப்போதே இதைப் பேச வேண்டும். “நாளைக்கு ஒன்று என்றால் காரியம் எல்லாம் இந்த வீட்டிலேயே செய்ய விடுவீர்களா?” என்று கேட்கட்டும். ஆறு வருடம் தவறாமல் வாடகை கொடுத்த குடும்பத்துக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. பெரும்பாலானவர்கள் மனிதர்களாகத்தான் பதில் சொல்வார்கள். தயங்கினால், அடுத்த வாடகை வீட்டைப் பேசும்போதே இதையும் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது முதல் மாடி. 74 வயதில் படி ஏறி இறங்குவது அவருக்கு எப்படி இருக்கிறது? காலையில் கோலம் போட, சாயங்காலம் உட்கார்ந்து தெருவைப் பார்க்க, பக்கத்து வீட்டுக்காரர்களோடு நாலு வார்த்தை பேச அவருக்கு ஒரு வாசல் இருக்கிறதா? அவர் கேட்பது சொந்த வீட்டு “வாசல்”. கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் வாசலோடு ஒரு தரைத்தள வீடு கிடைத்தால், வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் மாறிவிடுங்கள். உங்கள் பள்ளிக்கும் அது தூரமில்லை. பூலாவரிப் பக்கம் போனால் அழகாபுரத்துக்கு ஊரைக் குறுக்கே கடந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வர வேண்டும். ஐந்து ரோட்டு நெரிசலில் தினமும் இரண்டு வேளை. மாமியார் பகல் முழுக்க அங்கே தனியாக இருப்பார்.

போக்கியத்துக்கு வருகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் மூன்றிலும் லாபம். 8 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 56,000 கிடைக்கும். போக்கியத்தில் கொடுத்தால் 1,44,000 வாடகை மிச்சம். அதையே வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். 8 லட்சம் வாங்கி வருடத்துக்கு 1,44,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறார் என்றால் அவர் 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். வீட்டை வைத்து வங்கியில் அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும்போது ஒருவர் எதற்காக 18 சதவீதத்துக்கு வாங்க வேண்டும்? பெரும்பாலும், வங்கி அவருக்கு இனிமேல் கொடுக்காது என்பதால்தான். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் நின்று, அது வாராக்கடனாகிவிட்டால் வங்கி வீட்டை ஜப்தி செய்து ஏலம் விடும். உங்கள் 8 லட்சத்துக்கு அந்த வரிசையில் இடம் இருக்காது. இரண்டு வருடம் கழித்து, “அடுத்த போக்கியக்காரர் வந்தால்தான் தர முடியும்” என்று சொல்லும் வீட்டுக்காரர்களும் உண்டு. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடும் போக்கியம் நீதிமன்றத்தில் நிற்காது. வீட்டை ஈடாகக் கொடுக்கும் போக்கியத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அதற்குச் சட்ட பலம். கேட்டுப் பாருங்கள், பதிவு என்றதும் பலர் பின்வாங்குவார்கள். பிள்ளை படிப்புக்கும் வீட்டுக்கும் சேர்த்து வைத்த ஒரே பணத்தை இப்படி ஒருவர் கையில் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வாடகையில் தொடரும்போது உங்கள் பக்கத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று நம் ஊரில் சொல்வது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றி. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு, அது 11 மாதத்துக்கும் உண்டு. வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். நீங்கள் ஒரு லட்சம் கொடுத்திருக்கிறீர்கள், எட்டு மாத வாடகைக்கும் மேல். குறைந்தது அந்தத் தொகையாவது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சண்டை வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை.

கடைசியாக அந்த புரோக்கர். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டை விட மனமில்லை என்றால் ஆடி மாதத்தைப் பத்திரம் பார்க்கப் பயன்படுத்துங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாக எல்லா நகலும், 30 வருட வில்லங்கச் சான்றும், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதும் வேண்டும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, இல்லாவிட்டால் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனை என்று வரன்முறை செய்திருக்கிறார்களா, கட்டடத்துக்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்திரத்தில் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கிக் கடனும் குறையும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வரியும் கூடும்.

வீட்டை ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வேலைநாளில் ராத்திரி எட்டு மணிக்குப் போய் வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். பக்கத்துச் சுவருக்குள் தறி ஓடினால் அப்போது காதில் விழும், கொலுசுப் பட்டறை இருந்தால் மூக்குக்குத் தெரியும். மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, சித்திரையில் போர்வெல் தாங்குகிறதா, மழைக்குத் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறும் என்றெல்லாம் எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

திருப்பூர் மாற்றல் இல்லை என்று கணவரின் நிறுவனம் உறுதியாகச் சொல்லி, விற்பவரும் 35 லட்சத்துக்கு இறங்கி வந்தால் என் பதில் மாறும். அப்போது வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திர நகலையும் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.